உங்களுக்குத் தெரியுமா? வந்தவர் ஆண் அல்லர்!

செவ்வாய்க் கிரகத்து சாகசங்களை மலிவுப் பதிப்புச் சஞ்சிகைகளில் எழுதிவந்த அமெரிக்க எழுத்தாளர் லீ பிராக்கெட், 1944-இல் வெளியிட்ட துப்பறியும் நாவலின் சம்பாஷணையில் சொக்கிப்போன ஹாலிவுட் டைரக்டர் ஹோவர்ட் ஹாக்ஸ், "அந்த ஆசாமியை" உடனே வரவழைக்குமாறு உத்தரவிட, வந்து நின்றவரோ ஓர் இளம்பெண்! பெயர் செய்த குறும்பு அது.

• வில்லியம் ஃபாக்னர் முதலியோருடன் அவர் எழுதியதே 1946-இல் வெளியான 'தி பிக் ஸ்லீப்' திரைக்கதை.

• அந்த அழைப்பினால் பாதியில் நின்ற அவருடைய வெள்ளிக் கிரகக் கதையைப் பூர்த்தி செய்தவர், பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்ற நண்பர் ரே பிராட்பரி.

• 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' திரைக்கதையின் முதல் நகலைக் கொடுத்த சில வாரங்களில், 1978 மார்ச்சில் பிராக்கெட் காலமானார். படம் வந்தது 1980-இல், அவர் பெயரையும் தாங்கி.