கூடைப்பந்தில் தடுப்பது கையா, காலா?

புதுச்சேரி நகரின் வடபுறத்தில், கடலை ஒட்டி அமைந்தது குருசுக்குப்பம். அந்தக் கரையோரத்தில் அலையைத் தாண்டிச் செல்லும் மீன்பிடிப் படகைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் நிற்பவர் கால்களை அகட்டி, முழங்காலைச் சற்று மடக்கி நிற்பார். கால்களை ஒட்டி விறைப்பாக நின்றால் அடுத்த அலையில் தண்ணீரில் விழ வேண்டியதுதான்! கூடைப்பந்தில் பந்தோடு வருபவரைத் தடுக்கவும் இதே நிலைதான் வேண்டும். சடுகுடு ஆடியவர்களுக்கு இது புதிதல்ல.

காரணம் என்ன? நிமிர்ந்து நிற்கும்போது உடலின் புவியீர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதிலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு, பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்புக்குள் விழும்வரை நாம் சாய்வதில்லை. கால்களை அகட்டினால் அப்பரப்பு பெருகுகிறது. முழங்காலை மடக்கினால் மையம் தாழ்கிறது. எனவே, குள்ளமானவருக்குத் தடுப்பாட்டம் வராது என்று ஒதுக்குவது சரியல்ல. மையம் தாழ்ந்திருப்பது அவருக்குச் சாதகமே.

மடங்கிய முழங்காலால் வேறொரு பயனும் உண்டு. இடப்பக்கம் நகர, வலக்கால் தரையை வலப்புறமாக உதைக்க வேண்டும். தரை உங்களை இடப்புறம் தள்ளும். நியூட்டனின் மூன்றாம் விதிதான் இது. விறைத்து நிற்பவர் முதலில் முழங்காலை மடக்கி, பிறகுதான் உதைக்க முடியும். அதற்குள் பந்து கடந்துவிடும்! நகரும்போது கால்களைப் பின்னிக்கொள்ளாதீர்கள். தாங்கும் பரப்பு சுருங்கிவிடும். முழங்கால் உட்புறம் சரியாமல், பாதம் நோக்கும் திசையிலேயே இருக்கட்டும். இல்லையேல் மூட்டின் தசைநார் கிழிய நேரலாம்.

எவ்வளவு தள்ளி நிற்பது? ஒரு சோதனை செய்து பாருங்கள். நண்பர் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கட்டும்; அதன் பூஜ்யக் குறி உங்கள் விரல்களுக்கு நடுவே இருக்கட்டும். அவர் சொல்லாமல் விடும்போது பிடியுங்கள். 20 செ.மீ. குறியில் பிடித்தால், கண் கண்டு விரல் மூடுவதற்கு ஏறக்குறைய 0.2 வினாடி ஆகியிருக்கிறது. வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வருபவர் அதற்குள் 80 செ.மீ. கடந்துவிடுவார்! ஆகவே கையெட்டும் தூரம் விட்டு நில்லுங்கள். பந்தையோ, கண்களையோ பார்க்காதீர்கள். அவற்றால் ஏமாற்றலாம்; இடுப்பு நகராமல் ஒருவரும் கடந்து செல்ல முடியாது.

பின்தங்கியவர்தான் கையை நீட்டுவார். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் வகுத்த 13 விதிகளிலேயே பிடிப்பதும் தள்ளுவதும் தடுக்கப்பட்டிருந்தன. இன்றைய சர்வதேச விதிப்படி ஐந்து ஃபவுல் செய்தவர் வெளியேற வேண்டும். நல்ல தடுப்பாளரை இழந்த அணி படும் பாட்டை ஆடியவர்கள் அறிவார்கள்.

கையின் ஆசையை அடக்க எளிய பயிற்சி: இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, 15 மீட்டர் அகல மைதானத்தின் ஒரு கோட்டிலிருந்து மறு கோடுவரை, பந்தைத் தட்டி வருபவரை மறித்துச் செல்லுங்கள். தொடை வலிக்கும், வலித்தால் சற்று ஓய்வெடுங்கள்.

கடலோரத்து ஊர்களில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிமெண்டுத் தரையில் காற்று சேர்க்கும் நுண்மணல் காலடியில் உருண்டு உராய்வைக் குறைக்கிறது. உதைத்த கால் வழுக்கும். ஆடுமுன் தென்னந்துடைப்பத்தால் ஒருமுறை பெருக்கிவிடுங்கள்.