உங்களுக்குத் தெரியுமா? மோதிரத்தின் உள்பக்கம்

காசிமேட்டிலோ எண்ணூரிலோ நிச்சயதார்த்தம் என்றால், மோதிரம் வாங்க ஓடுவது பெரும்பாலும் என்.எஸ்.சி. போஸ் சாலைக்குத்தான். அங்கே கல்லின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் மோதிரத்தின் உள்பக்கத்தைப் பாருங்கள். கடைக்காரரிடம் லென்ஸ் கேட்டு வாங்கிப் பார்த்தால் மூன்று முத்திரைகள் தெரியும்: பி.ஐ.எஸ். சின்னம், 22K916 என்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையை இந்த ஆறு இலக்கம் இல்லாமல் விற்க முடியாது. 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அதை அடித்தால், நகையின் தூய்மையும் பதிவு விவரமும் அங்கேயே வந்துவிடும்.

ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. மெல்லிய மோதிரம் கேட்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. எடை, செய்கூலி, சேதாரம் மூன்றையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.

22 காரட் தங்கம் மென்மையானது. கல் பதித்த மோதிரத்துக்கு 18 காரட், அதாவது 750, கல்லை இன்னும் இறுகப் பிடிக்கும்.

நம் பகுதிக்கு இன்னொன்று முக்கியம். வலை இழுப்பவர், வெல்டிங் செய்பவர், லேத் ஓட்டுபவர் வேலை நேரத்தில் மோதிரத்தைக் கட்டாயம் கழற்ற வேண்டும். கயிற்றிலோ இயந்திரத்திலோ மாட்டினால் மோதிரம் விரலின் தோலையே உரித்துவிடும். அப்படிப்பட்டவருக்கு வாங்கும்போது, வேலை நேரத்தில் மோதிரத்தைக் கழற்றிப் பத்திரமாக வைக்க ஒரு சிறு பெட்டியும் சேர்த்து வாங்கிக் கொடுங்கள். அளவை மாலையில் எடுங்கள்; வெயிலில் விரல் சற்று வீங்கியிருக்கும்.