மலைப்பாதையில் முதல் வழி யாருக்கு? இறங்கி வரும் சைக்கிள்தான் நிற்க வேண்டும்!

கோத்தகிரி, குன்னூர், ஏற்காடு, கொடைக்கானல் என்று மலை ஊர்களில் லீவு நாள் வந்துவிட்டால் கியர் சைக்கிள்கள் கண்ணில் படுகின்றன. தடித்த டயர், தலையில் ஹெல்மெட், முதுகில் தண்ணீர் பை. தார் ரோட்டை விட்டுவிட்டு எஸ்டேட் பாதையிலும் ஒத்தையடிப் பாதையிலும் இறங்குவதில்தான் இவர்களுக்கு ஜாலி. வெளியூர்க்காரர்கள் மட்டும் இல்லை. செகண்ட் ஹேண்டில் கியர் சைக்கிள் வாங்கிய உள்ளூர் பையன்களும் இப்போது இந்த ஜோதியில் கலந்துவிட்டார்கள்.

சைக்கிள் ஓட்டுவதில் தப்பில்லை. உடம்புக்கு நல்லது. புகை கிடையாது, பெட்ரோல் செலவும் கிடையாது.

ஆனால் அந்தப் பாதை சைக்கிளுக்கென்று போட்ட பாதை இல்லை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், மாடு ஓட்டிப் போகும் பெரியவர்கள் தினமும் நடக்கும் பாதை அது. பல இடங்களில் அகலம் மூன்று அடிகூட தேறாது. ஒரு பக்கம் மேடு, இன்னொரு பக்கம் பள்ளம். அங்கே எதிரும் புதிருமாக இரண்டு பேர் வந்தால் யார் ஒதுங்குவது?

இதற்கு உலகம் முழுக்க மலை சைக்கிள்காரர்கள் கடைப்பிடிக்கும் எழுதப்பட்ட முறை ஒன்று இருக்கிறது. கஷ்டமானது ஒன்றும் இல்லை. யாரால் அடுத்தவருக்கு அதிகம் அடிபடுமோ, அவர்தான் முதலில் நிற்க வேண்டும். மொத்த விஷயமும் இவ்வளவுதான்.

நடப்பவருக்கு சைக்கிள் வழிவிட வேண்டும்

நடந்து வருபவர் மேலே ஏறினாலும் சரி, கீழே இறங்கினாலும் சரி, சைக்கிள்தான் வழிவிட வேண்டும். தலையிலோ முதுகிலோ மூட்டை இருந்தால் கேட்கவே வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கி, ஓரமாக நிறுத்தி, அவர் தாண்டிப் போன பிறகுதான் ஏற வேண்டும்.

காரணம் இருக்கிறது. 20 கிலோ கொழுந்து மூட்டையோடு வரும் ஒரு பெண்ணால் சட்டென்று திரும்பிப் பார்க்க முடியாது. துள்ளி ஒதுங்கவும் முடியாது. பதறி ஒரு அடி தப்பாக வைத்தால் காலோ இடுப்போ போய்விடும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு கால் உடைந்தால் அந்த மாதச் சம்பளமும் சேர்ந்து உடைந்தது மாதிரிதான். சைக்கிள்காரருக்கு நின்று போவதால் நஷ்டம் அரை நிமிடம்.

ஏறுபவருக்கு முதல் மரியாதை

இரண்டு பக்கமும் சைக்கிள் வந்தால் என்ன செய்வது? இறங்கி வருபவர் நிற்க வேண்டும். ஏறுபவர் போக வேண்டும்.

ஏற்றத்தில் மிதித்து வருபவர் ஒரு தடவை நின்றுவிட்டால் மறுபடி கிளம்புவது லேசான காரியம் இல்லை. மிதித்தால் பின் சக்கரம் சறுக்கும், முன் சக்கரம் தூக்கும், ஆள் சாய்வார். இறங்குபவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை. பிரேக்கை விட்டால் வண்டி தானாகவே போகும். அதோடு மேலிருந்து வருபவருக்கு கீழே தூரம் வரை தெரியும். மூச்சு வாங்க ஏறுபவரின் கண் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலேயேதான் இருக்கும்.

இது சைக்கிளுக்கு மட்டும் வந்த புது சட்டம் இல்லை. மலை ரோட்டில் பஸ், லாரி ஓட்டும் டிரைவர்களுக்கு இது பழகிய விஷயம். குறுகலான இடத்தில் கீழே இறங்கும் வண்டி ஓரமாக நின்று, மேலே ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று 1989-ம் ஆண்டின் சாலை விதிகளிலேயே எழுதப்பட்டது. 70 கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலும், 40 வளைவு உள்ள வால்பாறை ரோட்டிலும் அனுபவப்பட்ட டிரைவர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். லாரிக்கு உள்ள நியாயம் சைக்கிளுக்கும் பொருந்தும்.

ஏறி வருபவரே களைத்துப் போய் ஓரமாக நின்று "நீங்க போங்க" என்று கை காட்டினால் போகலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது அவர்தான்.

மணி அடித்தால் மட்டும் போதாது

முன்னால் நடப்பவரைத் தாண்ட வேண்டும் என்றால் பக்கத்தில் போய் திடீரென்று மணி அடிக்கக் கூடாது. ஆள் மிரண்டு எந்தப் பக்கம் பாய்வார் என்று சொல்ல முடியாது. 20, 30 அடி தள்ளியே வேகத்தைக் குறைத்து, லேசாக மணி கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். "அக்கா, பின்னாடி சைக்கிள் வருது", "ஐயா, கொஞ்சம் வழி வேணும்" என்றால் போதும்.

அவர் திரும்பிப் பார்த்து, தோதான இடத்தில் ஒதுங்கிய பிறகுதான் தாண்ட வேண்டும். "வலது பக்கம் வர்றேன்" என்று கத்திக்கொண்டே போவது ஆபத்து. அதைக் கேட்டு பலர் அதே வலது பக்கம்தான் ஒதுங்குவார்கள்.

கூட்டமாக வந்தால் முதலில் போகிறவர் "பின்னாடி இன்னும் மூணு பேர் வர்றாங்க" என்று சொல்லிவிட வேண்டும். ஒருவர் போய்விட்டார் என்று பாதையில் காலை வைப்பவர் மேல் அடுத்த சைக்கிள் மோதுவதைத் தடுக்க இதுதான் வழி.

வளைவில் உஷார்: கணக்கு இதுதான்

30 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் ஓடும். ஆளைப் பார்த்து கை பிரேக்கைப் பிடிப்பதற்கே சுமார் ஒரு நொடி ஆகிவிடும். சரளை மண்ணில் வண்டி நிற்க இன்னும் 8, 9 மீட்டர் வேண்டும். மொத்தம் சுமார் 17 மீட்டர். அதாவது ஒன்றரை பஸ் நீளம்.

அதே சைக்கிள் 15 கிலோ மீட்டர் வேகத்தில் வந்தால் 6, 7 மீட்டரில் நின்றுவிடும். வேகம் பாதியானால் பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் கால் பங்காகக் குறைகிறது. இது சமதளத்துக்கான கணக்கு. இறக்கத்தில் இன்னும் கூடும்.

தேயிலைத் தோட்ட வளைவில் பத்து மீட்டருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. அங்கே 30-ல் வருபவர் நினைத்தாலும் நிற்க முடியாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்கிற வேகத்தில்தான் வர வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

பிரேக்கையும் கிளம்பும் முன்பே பார்த்துவிட வேண்டும். இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்திப் பிடித்தால் ஆளைத் தூக்கி அடிக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும். இரண்டையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடிப்பதே பாதுகாப்பு.

குதிரை, மாடு எதிரே வந்தால்...

கொடைக்கானல் மலையில் வெள்ளகவி மாதிரி வண்டி ரோடு இல்லாமல் காலம் தள்ளிய ஊர்களுக்கு அரிசி, பருப்பு எல்லாம் குதிரை முதுகில்தான் போய் வந்தன. இப்படி சுமை குதிரையோ மாடோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கிவிட வேண்டும். மணி அடிக்கவோ கத்தவோ கூடாது. ஓட்டி வருபவரிடம் மெதுவாகப் பேசி, அவர் சொல்கிறபடி நிற்க வேண்டும். மனிதக் குரல் கேட்டால் பிராணியும் மிரளாது.

நிற்கும் இடமும் முக்கியம். குறுகலான பாதையில் பள்ளத்து ஓரமாக நிற்கவே கூடாது. குதிரை மேல் உள்ள மூட்டை இடித்தால் நேரே பள்ளம்தான். மேட்டுப் பக்கம் ஒட்டி நிற்க வேண்டும்.

குன்னூர், கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமை மேய்வது சகஜம். அதற்கு எந்த விதியும் தெரியாது. பார்த்ததும் நின்று, சத்தம் போடாமல் பின்வாங்க வேண்டும். அது போகும் வரை காத்திருக்கலாம், அல்லது வேறு பாதையில் திரும்பலாம். செல்போனைத் தூக்கிக்கொண்டு கிட்டே போவது உயிரோடு விளையாடும் வேலை.

மழை பெய்த மறுநாள் வேண்டாம்

ஈர மண் பாதையில் டயர் ஓடினால் வாய்க்கால் மாதிரி தடம் விழும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தத் தடத்திலேயே ஓடி பாதையை அரித்துவிடும். சைக்கிள்காரர் ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார். திங்கள்கிழமை காலையில் அந்தச் சேற்றில் வழுக்கி விழுவது வேலைக்குப் போகிறவர்கள்தான். சக்கரத்தைப் பூட்டி சறுக்கி ஸ்டண்ட் காட்டுவதும் இதே சேதத்தைத்தான் செய்யும்.

எல்லா பாதையிலும் போகலாமா?

போக முடியாது. எஸ்டேட் பாதை தனியார் நிலம். நிர்வாகத்திடம் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் 20 பேருக்கு மேல் பலியானார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 நடைபாதைகளை ஆன்லைன் புக்கிங்குடன் திறந்தது. அவை நடப்பவர்களுக்கான பாதைகள். சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய் நிற்கக் கூடாது.

வேகமாகத்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கு போட்டி டிராக் இருக்கிறது. 2023 அக்டோபரில் கேரள மாநிலம் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டியே நடந்தது. அந்த மாதிரி டிராக்கில் எதிரே மூட்டையோடு யாரும் வர மாட்டார்கள்.

அமெரிக்காவில் என்ன நடந்தது?

இந்த விளையாட்டு 1970-களில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்ற மாவட்டத்து மலைகளில் பிரபலமானது. பழைய சைக்கிளில் தடித்த டயர் மாட்டி மேலிருந்து கீழே பறந்தார்கள். நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். கடைசியில் பல ஒத்தையடிப் பாதைகளில் சைக்கிளுக்கே தடை விழுந்தது. மற்ற பாதைகளில் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோ மீட்டர்தான் வேகம் என்று கட்டுப்பாடு வந்தது. வளைவில் 5 மைல்தான்.

அடி வாங்கிய பிறகுதான் சைக்கிள்காரர்களுக்கு புத்தி வந்தது. 1988-ல் சங்கம் வைத்து, தங்களுக்குத் தாங்களே விதிகளை எழுதிக்கொண்டார்கள். நடப்பவருக்கு வழிவிடு, ஏறுபவருக்கு வழிவிடு, பிராணியை மிரட்டாதே, அனுமதி உள்ள பாதையில் மட்டும் ஓட்டு, பாதையைக் கெடுக்காதே என்பதெல்லாம் அதில் வந்தவைதான். இங்கேயும் நாலு பேர் செய்யும் அட்டகாசத்தால் ஒழுங்காக ஓட்டும் நாற்பது பேருக்கும் பாதை மூடப்படலாம்.

நடந்து போகிறவர்கள் கவனத்துக்கு

சைக்கிள் சத்தம் கேட்டால் பதறி ஓட வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்றால் சைக்கிள்காரரே சுற்றிப் போகவோ நிற்கவோ முடியும். கடைசி நொடியில் குறுக்கே பாய்வதுதான் ஆபத்து. வளைவுப் பாதையில் இரண்டு காதிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டாம். பிள்ளைகளை மேட்டு ஓரமாக நடக்க விட வேண்டும்.

கோபத்தில் பாதையின் குறுக்கே கயிறு கட்டுவது, கல் வைப்பது வேண்டவே வேண்டாம். இருட்டில் அதில் தடுக்கி விழுவது சொந்த ஊர்க்காரராகக்கூட இருக்கலாம். உயிர் போனால் கேஸ், கோர்ட் என்று அலைய வேண்டியதுதான். தொல்லை கொடுப்பவர்களை எஸ்டேட் நிர்வாகத்திடமோ போலீசிலோ சொல்வதே சரி.

வழிவிட்டு நின்ற சைக்கிள்காரரிடம் "சரிப்பா, போ" என்று ஒரு வார்த்தை சொன்னால் அடுத்த வளைவிலும் அவர் நிற்பார்.