பனி இறங்கட்டும்

2020 ஆடி மாதம். ஊரடங்கு ஊரையே முடக்கிப் போட்டிருந்தது. வைகாசியில் அம்மாவை இழந்திருந்தேன். உறவுக்காரர்கள் வந்து கட்டிப்பிடித்து அழக்கூட வழியில்லாத சாவு. பொம்மையார்பாளையத்தில் பக்கத்து வீட்டு ஆயா தன் கொல்லையின் ஒரு மூலையைக் காட்டி, "சும்மா குந்திக்கினு இருந்தா நெனப்பே ஆளத் தின்னுடும் தம்பி. இத்த நீ கொத்திக்கோ" என்றார்.

அரை சென்ட் இருக்கும். ஆரோவில் மேட்டுச் செம்மண்ணும் கடற்கரை மணலும் கலந்த தரை. முந்தின நாள் மழையில் நனைந்திருந்த மண்ணைக் களைக்கொத்தால் கிளறியதும் வாசனை எழுந்தது. அதை முகர்ந்தபடி வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

அந்த வாசனை ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருளுடையது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுகொள்ளும். அந்த மணத்தை நாடி வரும் நுண்ணிய கணுக்காலிகள் பாக்டீரியாவின் வித்துகளைச் சுமந்து சென்று பரப்புகின்றன என்பது அதே 2020-இல்தான் ஆய்வில் தெரியவந்தது.

மண்ணைத் தொட்டாலே சோகம் தீரும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதன் தொடக்கம் 2007-இல் பிரிட்டனில் கிறிஸ் லோரி குழுவினர் வெளியிட்ட ஆய்வு. மைக்கோபாக்டீரியம் வாக்கே என்ற மண் பாக்டீரியாவைக் கொன்று சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, மூளையில் செரோடோனின் சுரக்கும் சில நரம்பணுக்கள் தூண்டப்பட்டன. சுண்டெலிக்கு நடந்ததை அப்படியே நமக்கும் பொருத்திவிடக் கூடாது.

எனக்கு நெருக்கமாகப் படுவது நெதர்லாந்தில் நடந்து 2011-இல் வெளியான சோதனை. ஐரோப்பிய நகரங்களில் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, தோட்டம் போட வாடகைக்கு விடுவார்கள். அப்படித் தோட்டம் வைத்திருந்த 30 பேருக்கு முதலில் மனதை இறுக்கும் ஒரு பணியைக் கொடுத்தார்கள். பிறகு பாதிப்பேர் அரை மணி நேரம் தோட்ட வேலை செய்தார்கள். மீதிப்பேர் உள்ளே உட்கார்ந்து படித்தார்கள். உமிழ்நீரில் இருந்த கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் இரு தரப்பிலும் குறைந்தது. தோட்டத்தில் இருந்தவர்களுக்குக் கூடுதலாகக் குறைந்தது. அவர்களுடைய மனநிலையும் பழையபடி மீண்டது. படித்தவர்களுக்கு மேலும் சோர்ந்தது. சிறிய சோதனைதான். வெயிலா, உடலுழைப்பா, மண்ணா, எது உதவியது என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் கொத்திய கை என்னுடையது என்பதால் அதை நம்புகிறேன்.

நான் போட்டது கொடி அவரை. ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று மாதங்கள் போயின. பந்தல் நிறைய இலை, பூவைத்தான் காணோம். "ஏன் ஆயா பூக்கல?" என்று கேட்டால், "பனி எறங்கட்டும் தம்பி" என்பார்.

ஆயா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. பனி இறங்கும் காலத்தில்தான் இரவும் நீளும். நாட்டுக் கொடி அவரை இரவின் நீளத்தை அளக்கும் செடி. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி ஒளியையும் இருளையும் உணர்கிறது. இரவு போதுமான அளவு நீண்டதும் இலையில் உருவாகும் புரதம் ஒன்று தளிர் நுனிக்குப் போய் மொட்டு விடச் சொல்கிறது. நம் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அந்தச் சின்ன வேறுபாடு அவரைக்குப் போதும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் குத்து அவரை ரகங்கள் இப்படிக் காத்திருப்பதில்லை, எந்தப் பருவத்திலும் பூக்கும். அந்த ஆண்டு எனக்குக் காக்கவைக்கும் அவரைதான் தேவைப்பட்டது. அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமே என்றுதான் பல நாள் காலையில் எழுந்தேன்.

நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் பந்தல் குப்புறக் கிடந்தது. வேர் அறுபடவில்லை. சவுக்குக் கொம்பு நட்டு, கொடியைத் தூக்கி, வாழைநாரால் கட்டினோம்.

மார்கழி பிறந்த வாரத்தில் ஒரு ஊதா மொட்டு தெரிந்தது. ஓடிப்போய் ஆயாவைக் கூட்டிவந்தேன். அவர் பூவைப் பார்க்கவில்லை. தளிர் நுனியைத் திருப்பிப் பார்த்தார். கருகருவென்று அசுவினி அப்பியிருந்தது.

"பேன் புடிச்சிருக்கு. போயி அடுப்புச் சாம்பல எட்தா" என்றார்.