நஞ்சின் தடயத்தை வெங்காய வேர் காட்டும்

ஆரணிச் சுற்றுவட்டாரத்தில் ஏரும் தறியும் சேர்ந்தே பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் உண்டு. காலையில் நெல் வயலுக்குப் பூச்சி மருந்து தெளித்தவரே மாலையில் பட்டுத் தறியில் உட்காருவார். உறவினர் ஒருவர் சாயப்பட்டறையில் நூல் தோய்ப்பார். மருந்து பட்டுக் கண் எரிந்தாலோ, தலை சுற்றி வாந்தி வந்தாலோ உடனே டாக்டரிடம் ஓடுகிறோம். ஆனால் எரிச்சலும் வலியும் இல்லாமல் உடம்பின் உயிரணுக்களுக்குள் நடக்கும் சேதம் ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்கும் வழிகளை விவசாயிகள் தெரிந்துகொள்வது நல்லது.

இழை அறுந்தால்

உயிரணு ஒவ்வொன்றின் உள்ளேயும் டி.என்.ஏ. என்ற நீண்ட இரட்டை இழை இருக்கிறது. இரண்டு புரி சேர்த்து முறுக்கிய பட்டு நூலைப் போன்றது அது. கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரணுவில் சுமார் 2 மீட்டர் நீள இழை மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. உடம்பு எப்படி வளர வேண்டும், எப்படி வேலை செய்ய வேண்டும் என்ற குறிப்புகளெல்லாம் அதில்தான் அடங்கியுள்ளன.

வெயில், புகை, சில இரசாயனங்கள், எக்ஸ்ரே போன்ற கதிர்கள் ஆகியவை இந்த இழையை அறுக்கவோ சிதைக்கவோ கூடும். பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, முடிச்சுப் போட்டு, பிறகு மேலே நெய்கிறார். உயிரணுவும் அப்படியே நாள்தோறும் ஆயிரக்கணக்கான சேதங்களைத் தானே சரி செய்துகொள்கிறது. இந்தப் பழுதுபார்க்கும் முறையை விளக்கிய லிண்டால், மோட்ரிச், சான்கார் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

பல இழைகள் ஒரே நேரத்தில் அறுந்தால் தொல்லைதான். ஓர் இழை இடம் மாறிச் சேர்ந்துவிட்டால், அதன் பிறகு நெய்யும் துணி முழுவதும் அந்தப் பிழை ஓடும். உயிரணுவிலும் தவறாகச் சேர்ந்த இழை, அதிலிருந்து பிரியும் புதிய உயிரணுக்களுக்கெல்லாம் போய்ச் சேருகிறது. இத்தகைய பிழைகள் பல ஆண்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்போது புற்றுநோய்க்கு வழி ஏற்படலாம்.

சாயத் தொழில் தந்த பாடம்

ஜெர்மனியில் சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வருவதை 1895-ல் லுட்விக் ரெஹ்ன் என்ற டாக்டர் எடுத்துக்காட்டினார். பென்சிடின் போன்ற சாய மூலப்பொருள்கள் இந்நோயை உண்டாக்குகின்றன என்பது பின்னர் உறுதியாயிற்று. இவை உடம்புக்குள் மாற்றமடைந்து டி.என்.ஏ. இழையில் ஒட்டிக்கொள்கின்றன. நம் நாட்டில் 1997-ல் மத்திய அரசு 70 வகை அசோ சாயங்களைத் தடை செய்தது. எனவே பெயரும் தயாரிப்பாளர் முகவரியும் இல்லாத சாயப் பொடியை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது.

வெங்காயமும் வால் நட்சத்திரமும்

சேதத்தைக் கண்டறிய எளிய கருவி வெங்காயம். அதன் வேர் நுனியில் உயிரணுக்கள் வேகமாகப் பெருகுகின்றன. அவை இரண்டாகப் பிரியும்போது டி.என்.ஏ. இழை திரண்டு 16 குரோமோசோம்களாக மைக்ராஸ்கோப்பில் தெரியும். 1938-ல் சுவீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் இம்முறையைக் கையாண்டார். மனிதனுக்கு 46 குரோமோசோம்கள் என்று 1956-ல் கண்டறிந்த இருவரில் இவரும் ஒருவர்.

சந்தேகத்துக்குரிய நீரில் வெங்காயத்தை வேர்விடச் செய்து, வேர் நுனியைச் சாயமேற்றி நசுக்கிப் பார்ப்பார்கள். நஞ்சு இருந்தால் குரோமோசோம் துண்டு துண்டாக உடைந்திருக்கும். அல்லது பிரிய முடியாமல் பாலம் போல் இழுபட்டு நிற்கும். உடைந்த துண்டுகள் தனியே சிறு உருண்டையாக ஒதுங்கிக் கிடப்பதும் உண்டு.

மனிதரைச் சோதிக்க வேறொரு முறை 1984-லும் 1988-லும் உருவாயிற்று. சிறிதளவு இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் கடற்பாசியிலிருந்து எடுத்த கூழில் பதித்து, மின்சாரம் செலுத்துவார்கள். டி.என்.ஏ. முழுதாக இருந்தால் உருண்டையாகவே நிற்கும். அறுந்த துண்டுகள் மட்டும் மின்சாரத்தால் இழுக்கப்பட்டு வால் போல நீளும். வால் நட்சத்திரம் போலத் தெரிவதால் அதே பெயரில் இச்சோதனையை அழைக்கிறார்கள். வால் நீண்டால் சேதம் அதிகம் என்று பொருள்.

ஆந்திரத்துப் பருத்தி வயல்களில் மருந்து தெளித்தவர்களின் இரத்தத்தை உஸ்மானியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980-களில் சோதித்தபோது, மற்றவர்களைவிட அதிகமான குரோமோசோம் கோளாறுகள் காணப்பட்டன. ஐதராபாத் இந்திய வேதியியல் தொழில்நுட்ப நிறுவன ஆய்வாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், பூச்சி மருந்து தயாரிக்கும் தொழிலாளர்களிடம் வால் நீண்டிருந்தது. இதனால் இவர்கள் எல்லோருக்கும் நோய் வரும் என்று பொருளல்ல. நஞ்சு உயிரணு வரை எட்டியிருக்கிறது என்பதற்கு இது முன்னெச்சரிக்கை.

முக்கோணம் சொல்லாத செய்தி

மருந்து டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நிற முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பச்சை குறைந்த நஞ்சு. ஆனால் இந்த நிறம் மருந்து உடனே உயிரைப் பறிக்கும் அளவை வைத்துக் கொடுக்கப்படுவது. சிறிது சிறிதாகப் பல ஆண்டுகள் உடம்பில் சேர்ந்தால் டி.என்.ஏ.வுக்கு என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. பச்சை முக்கோணம்தானே என்று வெறும் கையால் கலக்குவது தவறு.

வீட்டிலேயே பார்க்கலாம்

வாய்க்கால் நீரிலோ கிணற்று நீரிலோ சாயக்கழிவு கலந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால், முதற்கட்டச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரே அளவுள்ள பத்து வெங்காயங்களை எடுத்து, அடியிலுள்ள காய்ந்த வேரை மட்டும் நீக்கவும். ஐந்தை நல்ல நீர் நிரம்பிய டம்ளர்களிலும், ஐந்தைச் சந்தேக நீர் நிரம்பியவற்றிலும் அடிப்பகுதி மட்டும் நனையும்படி வைக்கவும். நிழலில் வைத்து, தினம் நீரை மாற்றி, மூன்றாம் நாள் முடிவில் வேர் நீளத்தை அளக்கவும். சந்தேக நீரில் வேர் பாதியளவுகூட வளராவிட்டால் நீரில் கெடுதல் உண்டு என்று கொள்ளலாம். அது உப்பாகவும் இருக்கலாம், நஞ்சாகவும் இருக்கலாம். ஆகவே நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிப் பார்ப்பது அவசியம். சோதித்த வெங்காயத்தைச் சமைக்கக் கூடாது. பூச்சி மருந்தை வைத்து இச்சோதனையை வீட்டில் செய்யவே கூடாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

மருந்தைக் குச்சியால் கலக்க வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் தேவை, ஏனெனில் மருந்து தோல் வழியாகவே அதிகம் உள்ளே போகிறது. அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது. இடையில் பீடி, வெற்றிலை வேண்டாம். பீடிப் புகையே டி.என்.ஏ.வைக் கெடுக்கும், மருந்துடன் சேர்ந்தால் இரட்டைக் கேடு. தெளித்தவர் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தறியிலோ சாப்பாட்டிலோ உட்கார வேண்டும். அந்தத் துணியைத் தனியே துவைக்க வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் மருந்துப் பக்கமும் சாயத் தொட்டிப் பக்கமும் விடக் கூடாது. மருந்து டப்பாவைத் தறி அறையிலும் நெல் குதிர் அருகிலும் வைக்கலாகாது. காலி டப்பாவில் தண்ணீர் மொள்வதும் ஆபத்து.

பூச்சியின் எண்ணிக்கையைப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் தெளிப்பது செலவையும் குறைக்கும், உடம்பையும் காக்கும். அறுந்த இழைகளை முடிந்துகொள்ளும் திறமை உடம்புக்கு இருக்கிறது. அதற்கு முடிந்துகொள்ள அவகாசம் தருவது நம் கையில்தான் உள்ளது.