மரமில்லாத தேசியக் காடு

தேசியக் காடு என்றதும் அடர்ந்த மரங்களையே நாம் எண்ணுகிறோம். ஆனால் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 1908 முதல் 1915 வரை இருந்த 'கன்சாஸ் தேசியக் காட்டில்' எங்கு நோக்கினும் மணல்மேடும் புல்லுந்தான்! இருக்கும் காட்டைக் காப்பதற்கன்று, இல்லாத காட்டை உண்டாக்குவதற்கென்றே அது அறிவிக்கப்பட்டது.

இந்தத் துணிவு எப்படி வந்தது? அண்டை மாநிலமான நெப்ராஸ்காவில், தாவரவியல் பேராசிரியர் சார்லஸ் பெஸ்ஸி 1891-இல் மணற்குன்றுகளிடையே பைன் கன்றுகளை நடச் செய்தார். பத்தாண்டு கழித்துப் போய்ப் பார்த்தவர்கள் வியந்தனர், கன்றுகள் மரங்களாகியிருந்தன.

இதில் ஓர் இயற்பியல் உண்மை இருக்கிறது. கடற்கரையில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். மேலே சுடுமணல், கீழே ஈரம்! வண்டல் மண்ணில் துளைகள் மிக நுண்ணியவை. ஆதலால் நுண்புழை ஏற்றத்தால் நீர் மேலேறி வந்து ஆவியாகிக்கொண்டே இருக்கும். மணலிலோ துளைகள் பெரியவை. நீர் சிறிது உயரமே ஏறும். காய்ந்த மேல்மணல் மூடிபோல் இருந்து அடியிலுள்ள ஈரத்தைக் காக்கிறது. வேர் அந்த ஈரத்தை எட்டிவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும்.

நெப்ராஸ்காவில் 1902-இல் அரசு நாற்றங்கால் ஒன்று ஏற்பட்டது. அடுத்து கன்சாஸ். 1905-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், ஆர்க்கன்சாஸ் ஆற்றின் தென்புறம் கார்டன் சிட்டி என்னும் ஊரருகே 97,280 ஏக்கர் நிலத்தை ஒதுக்கினார். 1908-இல் அது 3,02,387 ஏக்கராக விரிந்து, தேசியக் காடு என்ற பெயரையும் பெற்றது. பைன் முதலிய கன்றுகள் ஆயிரக்கணக்கில் நடப்பட்டன.

ஆண்டு மழை இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய 20 அங்குலந்தான். பிறகு ஏன் தோல்வி? மழைமானி வரவைத்தான் காட்டும், செலவைக் காட்டாது. தெற்கே தள்ளியுள்ள கன்சாசில் வெயில் கடுமை. கோடையில் அனல் காற்றும் சேர்ந்துகொள்ளும். இலைகளின் வழியே நீராவிப்போக்கு மிகும். மழை பொய்த்தால் மேலுள்ள காய்ந்த அடுக்கு தடித்துக்கொண்டே போகும். புல்லின் வேர்களும் பங்குக்கு வரும். கன்றின் வேர் இறங்குவதற்குள் ஈரம் அதற்கும் கீழே போய்விடும். 1911 வறட்சியில் பெரும்பாலான கன்றுகள் கருகின. பெஸ்ஸியின் இயற்பியலில் பிழையில்லை. ஓரிடத்துக் கணக்கை மற்றோரிடத்துக்கு அப்படியே எழுதியதுதான் பிழை என்பேன்.

1915-இல் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சன் தேசியக் காட்டைக் கலைத்தார். நிலம் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு சிறு பகுதி மட்டும் மாநிலத்தின் விலங்குக் காப்பிடமாயிற்று. 1924-இல் அங்கே பைசன் என்னும் அமெரிக்கக் காட்டெருமைகளைக் கொண்டுவந்து விட்டனர். பைன் கருகிய அந்த மணலில் இன்றும் காட்டெருமை மந்தை புல் மேய்கிறது.