பார்வையை அளக்கும் பறவை



கொன்ற சகோதரனின் உடலை என்ன செய்வதென்று அறியாது நின்ற ஆதம் (அலை) அவர்களின் மகனுக்கு, மண்ணைத் தோண்டிக் காட்டிய காகத்தைத் திருக்குர்ஆன் (5:31) கூறுகிறது. மனிதன் பறவையைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். பறவை மனிதனைப் பார்த்து எதை அறிகிறது?

நம் மல்லாங்கிணறு வட்டாரத்தில் மின்கம்பிகளில் அமர்ந்து தேனீயையும் தும்பியையும் பிடித்துண்ணும் பச்சைப் பஞ்சுருட்டானைக் காணாதவர் இரார். கண்மாய்க் கரைச் சரிவிலோ மண் எடுத்த பள்ளத்தின் ஓரத்திலோ வளை குடைந்து குஞ்சு பொரிக்கும். நாம் அருகில் நின்றால் உள்ளே நுழையாது. அலகில் இரையுடன் காத்திருக்கும். அச்சம் என்று கூறி நாம் கடந்து விடுகிறோம்.

மராட்டிய மாநிலத்து உயிரியலாளர் மிலிந்த் வாட்வே அவ்வாறு கடந்துவிடவில்லை. அவரது குழுவினர் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வைக் கவனியுங்கள். வளை தெரியும் ஓரிடம், தெரியாத மற்றோரிடம். தொலைவு ஏறத்தாழ ஒன்றே. வளை தெரியாத இடத்தில் மனிதர் நின்றபோது பறவைகள் அதிகமாக உள்ளே சென்றன. ஆகவே தொலைவு மட்டும் காரணமன்று. மத்ரஸாவில் ஒரு சட்டத்தின் ‘இல்லத்’தைத் தேடும்போது, பொருந்தாத காரணங்களை ஒவ்வொன்றாக நீக்குவோமே, அதே முறைதான் இதுவும்.

அடுத்த சோதனை இன்னும் நுட்பமானது. மனிதரின் முகம் வளையை விட்டு எவ்வளவு விலகியிருந்ததோ, அவ்வளவுக்குப் பறவை நுழையும் வாய்ப்புக் கூடியது. அவர் பறவையையே பார்க்கிறாரா என்பதற்கு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. தன்மீது விழும் பார்வையைக் காட்டிலும் தன் வளைமீது விழும் பார்வையே அதற்குப் பெரிதாக இருந்தது! நாம் வேடிக்கை பார்த்து நிற்கும் நேரமெல்லாம் உள்ளே குஞ்சுகள் பசித்திருக்கின்றன.

இதனால் பறவை நம் மனத்தை அறிகிறது என்று முடிவு கட்டலாமா? அவசரப்படக் கூடாது. முகம் திரும்பியிருந்தால் ஆபத்தில்லை என்பதை வெறும் பழக்கத்தாலும் அது கற்றிருக்கலாம்.

இந்த ஐயத்தைக் கருத்தில் கொண்டே, காக இனத்தின் பெரிய பறவையான ரேவனைத் தாமஸ் புக்நியார் குழுவினர் சோதித்து, 2016இல் முடிவை வெளியிட்டனர். இரு அறைகளுக்கிடையே ஒரு சிறு துவாரம். அதன் வழியே அடுத்த அறையைப் பார்க்கலாமென்று ரேவன்கள் முன்னரே பழகியிருந்தன. பின்னர் அடுத்த அறையிலிருந்து ரேவன்களின் ஒலிப்பதிவு கேட்டது. துவாரம் திறந்திருந்தபோது, யாரோ பார்ப்பதுபோல் எண்ணி இரையை விரைந்து ஒளித்தன; மூடியிருந்தபோது அவ்வாறு செய்யவில்லை. அடுத்த அறையில் எந்த ரேவனும் இல்லை. ஓசையும் துவாரமும் மட்டுமே இருந்தன.